சர்வாதிகாரிகளுக்குக் கதவு திறந்தவர் யார்?

(சங்கத்தின் வாராந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



சர்வாதிகாரிகளின் எழுச்சியையும் அதன் பயனாக விளைந்த இரண்டாவது உலக மகாயுத்தத்தையும் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். பொருள் பெரியது, எமக்குத் தந்த நேரமோ ஒரு மணி. யுத்தத்தின் களங்களையெல்லாம் வருணிக்கப் புகுந்தால் விடிய விடியப் பேசினாலும் தீராது. ஆகவே ஒரு வாக்கியத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதற்கு மறுமொழி கூற முயல்வோம். அவ்வாக்கியம் நீங்கள் அறியாததன்று. வாசிகசாலைத் திண்ணையிலும், பஸ் தரிப்பிடத்திலும், கல்யாண வீட்டுப் பந்தலிலும் அடிக்கடி காதில் விழுவது. விலைவாசி ஏறினாலும் சரி, கந்தோரில் ஒரு கடதாசி ஆறு மாதம் கிடந்தாலும் சரி, யாராவது ஒருவர் பெருமூச்சு விட்டு, “இந்த நாட்டுக்கு ஒரு ஹிட்லர்தான் சரி” என்று சொல்லிவிடுகிறார். சொல்பவர் கெட்டவர் அல்லர். பெரும்பாலும் நல்ல மனிதரே. அதுதான் எம்மைச் சிந்திக்க வைத்தது.

சர்வாதிகாரி என்றதும், கதவை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்த கொள்ளைக்காரன் ஒருவனே நம் மனக்கண்முன் நிற்கிறான். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. இத்தாலியிலும் ஜேர்மனியிலும் கதவு உடைபடவேயில்லை. உள்ளே இருந்த மரியாதைக்குரிய பெரிய மனிதர்கள் தாமே எழுந்து சென்று தாழ்ப்பாளை நீக்கினார்கள்.

முதலில் இத்தாலியைப் பார்ப்போம். முதலாவது மகாயுத்தத்தில் அந்நாடு வென்ற கட்சியில் நின்றது. எனினும் வெற்றியின் பலன் கைக்கு வரவில்லையென்ற மனக்குறை, வேலையின்மை, வேலைநிறுத்தங்கள், பொதுவுடைமை வந்துவிடுமோ என்ற செல்வரின் அச்சம் ஆகிய யாவும் ஒருங்கு சேர்ந்தன. முசோலினியின் கருஞ்சட்டைப் படையினர் தொழிற்சங்கக் கட்டடங்களை எரித்தபோது அவற்றைக் கண்டும் காணாதவர்போல் இருந்த அதிகாரிகள் பலர். 1922 ஒக்டோபர் 28 இல் அப்படையினர் ரோமாபுரியை நோக்கிப் புறப்பட்டனர். அவர்களைத் தடுப்பதற்கு அரசாங்கத்திடம் சேனை இருந்தது. இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்யும் பத்திரத்தைப் பிரதமர் ஃபக்டா எழுதி எடுத்துச் சென்றார். அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அதிற் கையொப்பமிட மறுத்துவிட்டார். முசோலினியோ தம் படையுடன் நடந்து வரவில்லை. மிலான் நகரில் இருந்தார். அரசரின் அழைப்புக் கிடைத்த பின்னர் இரவு இரயில் ஏறி, 30 ஆம் திகதி காலை தலைநகரில் வந்திறங்கினார். படையெடுப்பு என்று பெரிதாகப் பேசப்படுவதன் தலைவர் டிக்கெட்டுக்காரர்போல் வந்து சேர்ந்தது ஒரு வேடிக்கை!

அவருடைய முதலாவது மந்திரிசபையில் அவர் கட்சியினர் சிறுபான்மையினரே. பொறுப்பு வந்தால் ஆள் திருந்திவிடுவார் என்று மூத்த அரசியல்வாதிகள் நம்பினார்கள். 1924 இல் தேர்தல் முறைகேடுகளைப் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்த மத்தேயோத்தி என்பவர் யூன் 10 ஆம் திகதி கடத்திக் கொல்லப்பட்டார். நாடு கொதித்தது. அப்போதும் அரசர் வாய் திறக்கவில்லை. 1925 ஜனவரி 3 இல் நடந்த யாவற்றுக்கும் தாமே பொறுப்பு என்று முசோலினி பாராளுமன்றத்திற் பகிரங்கமாகக் கூறினார், கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1931 இல் ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்யும்படி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கேட்கப்பட்டனர். ஏறக்குறைய 1,200 பேரில் மறுத்தவர்கள் ஒரு டசின் அளவினரே. படித்தவன் பயப்படமாட்டான் என்று எண்ணியிருப்போர் இந்தக் கணக்கை ஒரு முறை மனதில் வாங்கிக்கொள்ளல் நன்று.

நிற்க. ஜேர்மனியின் கதையே நமக்கு முக்கியமானது.

1919 யூன் 28 இல் வேர்சேல்ஸ் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. யுத்தப் பழியை ஜேர்மனி ஏற்க வேண்டும், சேனை ஓர் இலட்சம் பேருக்கு மேற்படலாகாது, நட்டஈடு செலுத்த வேண்டும் என்பன அதன் நிபந்தனைகளுட் சில. தோற்றவனை எழுந்து நிற்கவும் விடாது, படுக்கவும் விடாது வைத்த உடன்படிக்கை அது என்பதே எமது எண்ணம். 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டொலரின் விலை 4 இலட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க். ஒரு வாழ்நாள் முழுவதும் சேமித்த பணத்தைக் கொண்டு ஒரு பாண் வாங்க முடியாத நிலை. அக்காயம் ஒருவாறு ஆறி வருகையில், 1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. அமெரிக்கக் கடனை நம்பி நின்ற ஜேர்மன் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. 1932 இன் தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை 60 இலட்சம்.

இந்தப் பசியின் அளவை ஹிட்லருடைய கட்சியின் வாக்குக் கணக்கிலேயே காணலாம். 1928 தேர்தலில் அவருக்குக் கிடைத்தவை 12 ஆசனங்கள். 1930 இல் 107. 1932 யூலையில் 230. இங்கேதான் பலரும் கதையை நிறுத்திவிடுகிறார்கள்: மக்கள் பெருவாரியாக வாக்களித்தார்கள், அவர் வந்தார் என்று. அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு தேர்தல் நடந்தது. அதில் அவருக்கு ஏறக்குறைய 20 இலட்சம் வாக்குகள் குறைந்தன. ஆசனங்கள் 196 ஆகச் சுருங்கின. கட்சியின் பணப்பெட்டியும் காலி. அலை இறங்கத் தொடங்கிவிட்டது.

அந்தப் பாராளுமன்றத்திலே சமூக சனநாயகக் கட்சிக்கு 121 ஆசனங்கள். பொதுவுடைமைக் கட்சிக்கு 100. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 221. ஆனால் அவர்கள் கூடவில்லை. ஹிட்லரைவிடச் சமூக சனநாயகக் கட்சியினரே கொடிய பகைவர் என்று பொதுவுடைமைக் கட்சியினருக்கு மொஸ்கோவிலிருந்து போதிக்கப்பட்டிருந்தது. வீட்டில் தீப்பிடித்த வேளையில் அண்ணனும் தம்பியும் எல்லை வேலிக்கு வழக்காடிய கதை இது. நம் ஊரில் விளக்கம் வேண்டாத உவமை!

அலை இறங்கிய அந்த வேளையில்தான் கதவு திறந்தது. முன்னாட் பிரதமர் பாப்பன் என்ற பிரபு, தம்மைப் பதவியிலிருந்து இறக்கியவர்மேற் கொண்ட வன்மத்தால், ஹிட்லருக்காகத் தூது நடந்தார். சனாதிபதி ஹிண்டன்பேர்க் 85 வயதுப் பழைய சேனாபதி. முதலில் மறுத்தார், பின் இசைந்தார். 1933 ஜனவரி 30 இல் ஹிட்லர் பிரதமராகப் பிரமாணம் செய்தார். மந்திரிசபையில் அவரையும் சேர்த்து அவர் கட்சியினர் மூவரே. மற்றையோர் பாப்பனைச் சேர்ந்த பழைய கனவான்கள். ஹிட்லரைக் கூலிக்கு அமர்த்தியிருக்கிறோம், சில மாதங்களில் மூலையில் ஒதுக்கிவிடுவோம் என்ற பொருள்படப் பாப்பன் தம் நண்பர்களிடம் பெருமை பேசினார். பஸ்மாசுரனுக்கு வரங் கொடுத்த கதையை நாம் சிறு வயது முதற் கேட்டு வருகிறோம். வரத்தைப் பெற்றவன் முதற் பரீட்சையை யாருடைய தலையில் நடத்தப் பார்த்தான் என்பதும் நமக்குத் தெரியும். பேர்லின் கனவான்களுக்கு அந்தக் கதையைச் சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை.

அதன் பின் நடந்தவற்றின் வேகத்தைக் கவனியுங்கள். பெப்ரவரி 27 இரவு பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே ஓர் அவசரப் பிரகடனம். பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, பத்திரிகைச் சுதந்திரம், கடித இரகசியம் யாவும் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. அந்தத் தற்காலிகம் 1945 வரை நீடித்தது. மார்ச்சு 22 இல் டாக்காவ் என்னுமிடத்தில் முதற் பெரிய தடுப்பு முகாம் திறக்கப்பட்டது. அடுத்த நாளாகிய 23 ஆம் திகதி, எரிந்த கட்டடத்துக்குப் பதிலாக ஒரு நாடகக் கொட்டகையிற் பாராளுமன்றம் கூடியது. பாராளுமன்றமின்றியே அரசாங்கம் சட்டம் இயற்றலாம் என்னும் மசோதா வந்தது. ஐந்தே பிரிவுகள். நிறைவேற மூன்றில் இரு பங்கு வேண்டும். பொதுவுடைமை உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தனர். மண்டபத்தினுள்ளே சீருடைக் குண்டர்கள் சுவரோரம் வரிசையாக நின்றனர். கத்தோலிக்கரின் மத்திய கட்சி, சில வாக்குறுதிகளை நம்பி ஆம் என்றது. அவ்வாக்குறுதிகளை எழுத்தில் தருவதாகச் சொன்ன கடிதம் கடைசி வரை வரவில்லை.

எழுந்து நின்று இல்லையென்றவர்கள் சமூக சனநாயகக் கட்சியினர் மாத்திரமே. அவர்கள் தலைவர் ஒட்டோ வெல்ஸ் பேசும்போது சட்டைப்பையில் நஞ்சுக் குளிகை வைத்திருந்தார் என்று சொல்லப்படுகிறது. பிடித்துக்கொண்டு போனால் சித்திரவதைக்கு அகப்படாதிருப்பதற்காக. எம் உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது என்ற கருத்தை அந்தச் சபையிலே அவர் கூறினார். வாக்கெடுப்பில் 444 பேர் ஆம். 94 பேர் இல்லை. பாராளுமன்றம் தன்னைத் தானே கழுவேற்றிக்கொண்டது. அதுவும் சட்டப்படி, வாக்கெண்ணி, பதிவேட்டில் எழுதிக்கொண்டு.

இவையெல்லாம் பெரிய இடத்துக் காரியங்கள். சாமானியர்கள் என்ன செய்திருக்க முடியும் என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் நம்மைப் போன்ற சங்கங்களின் கதை வருகிறது. எமது நோக்கில் இதுவே அந்த ஆண்டின் மிகத் துக்ககரமான அத்தியாயம்.

ஜேர்மனி சங்கங்கள் மலிந்த நாடு. ஊருக்கு ஊர் பாட்டுச் சபை, தேகப்பயிற்சிக் கழகம், சதுரங்கக் கழகம், வாசகர் வட்டம். ஒவ்வொன்றுக்கும் தலைவர், காரியதரிசி, தனாதிகாரி, கூட்டக் குறிப்புப் புத்தகம். இங்கே நாம் மேசைமேல் வைத்திருக்கிறோமே, இதே மாதிரி! 1933 இன் வசந்த காலத்தில் அச்சங்கங்களுக்கு இரண்டு கட்டளைகள் வந்தன. தலைவரை உறுப்பினர் தெரிவு செய்தல் ஒழிந்து மேலிடம் நியமிக்க வேண்டும். யூத உறுப்பினர்களை நீக்க வேண்டும். சில சங்கங்கள் கட்டளைக்குக் காத்திருக்கவுமில்லை. நாட்டின் மிகப் பெரிய தேகப்பயிற்சிச் சம்மேளனம் அவ்வேப்பிரல் மாதத்திலேயே தானாக முன்வந்து யூதர்களை விலக்கியது. இருபது ஆண்டுகள் ஒன்றாகப் பந்து விளையாடியவனுக்கு ஒரு தபால் அட்டை. அவ்வளவே. அதற்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. ஒரு காரியதரிசியின் கையொப்பம் போதுமாயிருந்தது.

அதே ஏப்பிரலில் ஹிட்லர் வாலிபர் படையினர் சிலர் பேர்லினில் ஒரு காரியாலயத்தினுட் புகுந்தார்கள். ஜேர்மன் வாலிபர் சங்கங்கள் யாவற்றுக்கும் பொதுவான சபையின் காரியாலயம் அது. மத சம்பந்தமான சங்கங்கள், தொழிலாளர் சங்கங்கள், மலையேறும் கழகங்கள் ஆகிய எல்லாவற்றின் விபரங்களும் அங்கே இருந்தன. அந்த ஒரு காலையில் நாட்டு இளைஞர் இயக்கத்தின் பதிவேடுகள் அனைத்தும் அவர்கள் கைக்குச் சென்றன. 1932 முடிவில் ஹிட்லர் வாலிபர் படையில் ஓர் இலட்சம் பேரளவில் இருந்தனர். 1934 முடிவில் 35 இலட்சம். 1936 டிசம்பர் 1 இல் வந்த சட்டம் ஜேர்மன் இளைஞர் அனைவரும் அதற்குரியவர் என்றது. 1939 மார்ச்சில் பத்து வயது முதற் பதினெட்டு வயது வரை அது கட்டாயமாயிற்று.

மே 10 இரவு பேர்லினிலும் வேறு பல பல்கலைக்கழக நகரங்களிலும் புத்தகங்கள் குவித்து எரிக்கப்பட்டன. ஹைனே, பிராய்டு, ரெமார்க் எழுதியவையும் அக்குவியலில் இருந்தன. எரித்தவர்கள் யார்? எழுத்தறியாத முரடர்கள் அல்லர். மாணவர் சங்கத்தினரே பட்டியல் தயாரித்து, ஊர்வலம் ஒழுங்கு செய்து, பந்தம் பிடித்து வந்தார்கள். யாழ்ப்பாணத்து நூல்நிலையம் 1981 இல் எரிந்ததை அறிந்த நமக்கு இதை விரிக்க வேண்டியதில்லை.

வேலையும் ஒழுங்கும் கொண்டுவந்தாரே என்பது அடுத்த கேள்வி. வந்தது உண்மை. அந்த வேலையில் மிகப் பெரும் பகுதி பீரங்கியும் விமானமும் செய்யும் வேலை. 1933 மே 2 இல் தொழிற்சங்கங்களைக் கலைத்தபின் கூலி கேட்க வாயில்லாத வேலை. கடன் வாங்கி ஆயுதஞ் செய்த நாடு அந்த ஆயுதத்தால் அயல் வீட்டைக் கொள்ளையிட்டால் அன்றிக் கடனைத் தீர்க்க முடியாது. நாம் மெச்சுகின்ற ஒழுங்கின் மறு பக்கத்தில் யுத்தம் எழுதப்பட்டிருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோயிற் கோலத்திற் காணும் சுவஸ்திகத்தை அவர்கள் கொடியிற் கண்டு, நமக்கு ஏதோ உறவினர் என்று மயங்கினோர் உண்டு. ஹிட்லரோ தம் நூலில், இந்தியா பிறர் கையிற் போவதைவிட ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இருப்பதையே விரும்புவதாக எழுதி வைத்தார். ஆரியர் என்று அவர் சொன்ன கூட்டத்தில் நமக்குப் பாய் விரித்திருக்கவில்லை.

வெளியுலகும் பாப்பனின் பாடத்தையே படித்தது. யப்பானிய சேனை 1931 இல் மஞ்சூரியாவைப் பிடித்தது. சர்வதேச சங்கம் கண்டித்தது. யப்பான் சங்கத்தை விட்டு வெளியேறியது. 1935 இல் முசோலினி எதியோப்பியாவின்மேற் படையெடுத்து, நச்சுவாயுவும் பிரயோகித்தார். அரசர் ஹைலி செலாசி 1936 யூனில் ஜெனீவாவில் வந்து முறையிட்டபோது, இத்தாலியப் பத்திரிகையாளர் சீழ்க்கையடித்துக் கூச்சலிட்டனர். அவ்வாண்டு மார்ச்சில் ஜேர்மன் சேனை ரைன் பிரதேசத்துட் புகுந்தது. 1938 மார்ச்சில் ஒஸ்திரியா. அதே ஆண்டு செப்டெம்பரில் மியூனிக் நகரில் நான்கு வல்லரசுத் தலைவர்கள் கூடி, செக்கோசிலோவாக்கியாவின் எல்லைப் பிரதேசத்தை ஹிட்லருக்குக் கொடுத்தார்கள். காணிக்குச் சொந்தக்காரனைப் பேச்சுவார்த்தைக்கு அழைக்கவில்லை. செக் பிரதிநிதிகள் வெளியே காத்திருந்து, முடிவை மாத்திரம் கேட்டுச் சென்றனர். சமாதானம் வந்துவிட்டதென்று இலண்டனில் மக்கள் ஆரவாரித்தனர். அவர்களை நாம் பரிகசிக்க மாட்டோம். இருபது ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகளைப் புதைத்த தாய் தந்தையர் அவர்கள். ஆறு மாதம் செல்லுமுன் பிராக் நகரும் போயிற்று.

ஸ்டாலினும் விதிவிலக்கல்லர். தம் சொந்தச் சேனை அதிகாரிகளையே ஆயிரக்கணக்கில் ஒழித்துவிட்டு, 1939 ஓகஸ்டு 23 இல் ஹிட்லருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, போலந்தைப் பங்கு போட்டார். செப்டெம்பர் 1 இல் ஜேர்மனி மேற்கிலிருந்தும், 17 இல் ருசியா கிழக்கிலிருந்தும் அந்நாட்டினுட் புகுந்தன. 1941 யூன் 22 இல் அதே நண்பர் அவர் வாசலையும் உடைத்தார். அந்த யுத்தத்தில் சோவியத் மக்கள் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஐரோப்பாவெங்கும் யூதர்கள் 60 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். முன்பு தபால் அட்டை பெற்றவர்களும் அவர்களுள் அடங்குவர்.

நம் தீவுக்கும் அது வந்தது. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்பிரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, கொழும்புத் துறைமுகத்தின்மேல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 9 ஆம் திகதி திருகோணமலை. அன்றே ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந் தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. பர்மா அரிசி நின்றது. கூப்பன் அரிசியும் கோதுமை மாவும் நம் அடுப்படிக்கு வந்த கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1933 இல் பேர்லினில் ஒரு முதியவர் இட்ட கையொப்பத்துக்கும் திருகோணமலையில் ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்.

இனி ஒரு காட்சியுடன் முடித்துக்கொள்கிறோம். 1945 வசந்த காலத்தில் ருசிய சேனை பேர்லினை நெருங்கிவிட்டது. பதினாறு முதல் அறுபது வயது வரையுள்ள ஆண்கள் அனைவரும் ஏற்கெனவே அழைக்கப்பட்டு விட்டனர். ஹிட்லர் கடைசியாகத் தோன்றிய செய்திப் படமொன்று இன்றும் இருக்கிறது. அரண்மனைத் தோட்டத்தில் ஹிட்லர் வாலிபர் படைச் சிறுவர்கள் வரிசையாய் நிற்கிறார்கள். முதுகு கூனிய அவர், பதக்கம் பெற்ற பிள்ளைகளின் கன்னத்தைத் தட்டிக்கொண்டு செல்கிறார். அவர்களுள் ஒருவனுக்கு வயது பன்னிரண்டு. ஹிண்டன்பேர்க் கையொப்பமிட்ட அன்று அவன் தொட்டிற் குழந்தை.